அரங்கனும் எலக்ட்ரிக் கிடாரும்: ‘அகம்’ குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு பற்றி ஒரு பார்வை

சங்க மலர்களில் அகத்திணை பற்றிக் கட்டுரை வருவது புதிதல்ல. குறிஞ்சியும் நெய்தலும் நமக்குப் பழகிய நிலங்கள். இந்த முறை நான் எடுத்துக்கொண்டிருக்கும் ‘அகம்’ வேறு. அது பெங்களூரைச் சேர்ந்த ஒரு ராக் இசைக்குழுவின் பெயர். தியாகராஜர், தீட்சிதர் கிருதிகளை எலக்ட்ரிக் கிடார், டிரம்ஸ் சகிதம் பாடுகிறவர்கள் என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப்பேர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இளையவர்களோ, “இதெல்லாம் எங்களுக்கு எப்பவோ தெரியும்” என்பார்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் விவரம். இந்தக் குழு 2003-இல் தொடங்கியது. பாட்டும் வயலினும் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். கீபோர்டும் பாடல் வரிகளும் சுவாமி சீதாராமன். கிடாரில் பிரவீண் குமார், பேஸ் கிடாரில் ஆதித்ய காஷ்யப், டிரம்ஸில் முன்பு இருந்த கணேஷ் ராம் நாகராஜன், மற்ற தாள வாத்தியங்களில் சிவகுமார் நாகராஜன் என்று பெயர்களைப் பார்த்தாலே பாதிக்குமேல் நம்ம பக்கத்து வாசனை அடிக்கும். ஏ.ஆர். ரஹ்மான் நடுவராக இருந்து சன் டிவியில் நடந்த ‘ஊ ல ல லா’ போட்டியில் ஜெயித்தபோதுதான் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இவர்கள் முகம் தெரிந்தது. முதல் ஆல்பம் ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ 2012-இல் வந்தது. இரண்டாவது ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ 2017-இல். முதலாவதில் உள்ளே இருப்பது விழித்துக்கொண்டது. இரண்டாவதில் கனவு காண்கிறார்கள். பொதுவாக இது வரிசை மாறித்தான் நடக்கும்!

2003-இல் தொடங்கி 2012-இல் முதல் ஆல்பம், அப்புறம் ஐந்து வருஷம் கழித்து இரண்டாவது என்றால் சோம்பேறிகள் என்று நினைத்துவிடக் கூடாது. குழுவில் இருந்தவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே இசையைச் செய்தவர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர், சனி ஞாயிறு ஒத்திகை. இந்த ஊரில் நம் குடும்பங்களில் பாதிக்கு இந்தக் கால அட்டவணை தெரியும். தமிழ் வகுப்பும் பாட்டு வகுப்பும் நாம் அந்த சனி ஞாயிறில்தானே வைத்திருக்கிறோம்.

இசைக்குழுக்களின் கதையில் இரண்டாவது ஆல்பம் என்பது ஒரு தனிக் கண்டம். முதல் ஆல்பத்துக்கு வாழ்நாள் சரக்கு முழுக்கக் கையில் இருக்கும். பல வருஷம் மேடையில் பாடிப் பாடி, எந்த இடத்தில் கை தட்டுவார்கள் என்று தெரிந்துகொண்ட பாட்டுகள் அவை. இரண்டாவதுக்கு வரும்போது சரக்கு புதுசு, ஆனால் கேட்கிறவர் பழசு. அவர் முதலில் கேட்டதையே திரும்பக் கேட்பார். அதையே கொடுத்தால் ‘சரக்கு தீர்ந்துபோச்சு’ என்பார். பெங்களூர் குழுக்கள் இதை ஒவ்வொரு விதமாகச் சமாளித்திருக்கின்றன. ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ 1996-இல் கிறைஸ்ட் கல்லூரிப் பிள்ளைகளால் தொடங்கப்பட்டு முழுக்க ஆங்கிலத்தில் பாடிய குழு. 2000-இல் முதல் ஆல்பம், 2002-இலேயே இரண்டாவது. ‘ஸ்வராத்மா’ 2009-இல் முதல் ஆல்பம் போட்டு, 2012-இல் ‘டோபிவாலே’ என்று இரண்டாவதைக் கொண்டுவந்தது. டோபிவாலே என்றால் தொப்பிக்காரர்கள். நமக்குத் தொப்பி போடும் அரசியல்வாதிகளைத்தான் சொல்கிறார்கள்.

தமிழ் படித்தவர் கண்ணுக்கு இங்கே ஒன்று படாமல் போகாது. ஒரே ஊர், ஐந்து வருஷ இடைவெளி, இரண்டு இரண்டாவது ஆல்பங்கள். ஒன்று தெருவுக்கு வந்து அரசையும் ஊரையும் பேசியது, அது புறம். மற்றது மனசைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியது, பெயரிலேயே அகம். தொல்காப்பியர் இலக்கணப்படி அகப்பாட்டில் ஒருவரின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது. கிருதியிலோ சாமி பெயரும் வரும், பாடியவர் முத்திரையும் வரும். எனவே கறாராகப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் இடிக்கும். இருக்கட்டும். ஆழ்வார்கள் அகத்தை ஆண்டவனிடம் கொண்டுபோய் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இப்போது தகராறு செய்ய வேண்டாம்.

இந்தக் கட்டுரையில் முழு ஆல்பத்தையும் வரிசையாக எடுத்து மார்க் போடப்போவதில்லை. நான்கு பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ‘மனவியாலகிஞ்சரா’, ‘சாகர சயன விபோ’, ‘ரங்கபுர விஹாரா’, ‘கூத்து ஓவர் காஃபி’. தெலுங்கு ஒன்று, சமஸ்கிருதம் இரண்டு, தமிழ் ஒன்று. இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு பழைய வழக்கைத் தீர்த்துவிடலாம். கிருதியில் கிடார் வரலாமா? இந்தக் கேள்வி வந்தவுடன் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, “அப்படியானால் வயலின் எப்படி வந்தது?” என்பார். உண்மைதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். தீட்சிதரே கோட்டையில் ஒலித்த கும்பினி பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகள் முதலில் கற்கிறார்கள். இங்கிலாந்து தேசிய கீத மெட்டுக்குக்கூட அதில் ஒரு பாட்டு உண்டு. பெங்களூர் தமிழர்களுக்கு இது கொஞ்சம் வீட்டுக் கதை மாதிரி. 1809-இல் கண்டோன்மென்ட் வந்தபோது மெட்ராஸ் பட்டாளத்தோடும் அதன் பேண்டோடும் சேர்ந்து வந்தவர்களில் நம் முன்னோர் நிறையப் பேர்.

ஆனால் இந்த வாதத்தை நம் மேடைகளில் ரொம்பச் சுலபமாகப் பயன்படுத்துகிறோம் என்று எனக்கு ஒரு குறை. வயலின் வந்தது, ஏற்றுக்கொண்டோம், ஆகவே எது வந்தாலும் ஏற்கலாம் என்பது வாதமாகாது. வயலின் வந்ததும் என்ன செய்தது? பிடிக்கும் முறையை மாற்றிக்கொண்டது, தரையில் உட்கார்ந்தது, சுருதியை மாற்றியது, கமகம் கற்றது. மேளம் இல்லாத இடத்தில் பாடகரின் நிழலாக வாழக் கற்றது. கிடார் என்ன கற்றிருக்கிறது என்பதுதான் கேள்வி. வரலாமா கூடாதா என்பது வாசல்காரன் கேள்வி. உள்ளே வந்தபின் என்ன செய்கிறது என்பது ரசிகன் கேள்வி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ராக் இசையில் ‘பவர் கார்டு’ என்று ஒன்று உண்டு. ஒரு சுரமும் அதற்குப் பஞ்சமமான சுரமும் மட்டும் சேர்ந்து ஒலிப்பது. நடுவில் வரவேண்டிய மூன்றாவது சுரம் கிடையாது. கிடார் ஒலியை மின்சாரத்தில் கரகரக்க வைக்கும்போது மூன்று சுரமும் சேர்ந்தால் ஒரே கூழாகிவிடும் என்பதால், காலப்போக்கில் ராக்காரர்கள் நடுச்சுரத்தை விட்டுவிட்டார்கள். அந்த விடுதல் நம் ராகங்களுக்கு வந்த அதிர்ஷ்டம். சினிமா பாணியில் பியானோ வைத்து முழு கார்டு அடித்தால் ராகத்தில் இல்லாத சுரம் பின்வாசலால் நுழைந்துவிடும். பவர் கார்டு என்பது கிட்டத்தட்ட தம்புராவின் சட்ஜ-பஞ்சமம். என்ன, கொஞ்சம் கோபமான தம்புரா. ‘அகம்’ போன்ற குழுக்கள் ஜாஸ் பக்கம் போகாமல் கனத்த ராக் பக்கம் போனதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, ராகமும்தான் என்று நான் நினைக்கிறேன்.

‘மனவியாலகிஞ்சரா’வை எடுத்துக்கொள்வோம். ஆல்பத்தில் இதற்கு ‘மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்’ என்று பெயர், மகரத்துப் பனி. மேலைநாட்டுக் கணக்கில் மகர ராசி டிசம்பர் 22 வாக்கில் பிறக்கிறது, மார்கழிக் கச்சேரி சீசன் நடுவில். நம் கணக்கில் மகரம் தை, திருவையாற்று ஆராதனை பெரும்பாலும் அப்போதுதான். அவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, எனக்குப் பொருந்துகிறது. ராகம் நளினகாந்தி. மேலே போகும்போது ஸ க ரி ம ப நி ஸ என்று காந்தாரத்தைத் தொட்டுவிட்டு ரிஷபத்துக்குத் திரும்பும். தைவதம் கிடையவே கிடையாது. ‘கலைஞன்’ (1993) படத்தில் இளையராஜா இந்த ராகத்தில் போட்ட பாட்டை முணுமுணுக்காத தமிழர் குறைவு. கிடாரிஸ்டின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள்: ஸ, க, ம, ப ஆகிய நான்குக்கும் பஞ்சம உறவு ராகத்துக்குள்ளேயே இருக்கிறது. ரிஷபத்துக்குப் பஞ்சமம் தைவதம், அது இல்லை. நிஷாதத்துக்கும் இல்லை. ஆக, கனமாக நிற்க நான்கு கால். மற்ற இரண்டில் நிற்காமல் தாண்டிவிட வேண்டும். நளினகாந்தியின் துள்ளல் இப்படிப்பட்ட கட்டுமானத்துக்கு நன்றாக வளைந்துகொடுக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் டிரம்ஸின் நாலுக்கு நாலும் சண்டையில்லாமல் சேர்ந்துபோகும்.

பாட்டின் பொருள்தான் இங்கே முக்கியம். பலரும் ‘மன’ என்று பிரித்துப் பாடுகிறார்கள். அது ‘மனவி’, அதாவது விண்ணப்பம். என் விண்ணப்பத்தைக் கேட்கக் கூடாதா, ரகசியத்தையெல்லாம் சொல்கிறேனே என்று தியாகராஜர் தன் மனத்திடமே கெஞ்சுகிறார். சாமியிடம் கேட்கவில்லை, மனசிடம் கேட்கிறார். கேட்கமாட்டேன் என்று ஓடுகிற மனசைப் பிடித்து நிறுத்தும் பாட்டுக்கு வேகமும் சத்தமும் வருவது எனக்குத் தப்பாகப் படவில்லை. ஓடுகிறவனைப் பிடிக்க ஓடத்தானே வேண்டும்? இந்த நான்கில் கிடாருக்கு நியாயமான வேலை இருப்பது இங்கேதான்.

என் அண்ணன் மகள் இந்தப் பாட்டை ஆல்பத்தில் கேட்டுத்தான் கற்றுக்கொண்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், கன்னடம் சரளம், தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. ஒருநாள், “சித்தப்பா, இதுக்கு ஒரிஜினல் யாரோட பாட்டு?” என்று கேட்டாள். தியாகராஜர் என்று சொன்னதும், “அவர் இல்ல, யார் பாடினது?” என்றாள். கேள்வியை யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது சரி. ஆல்பத்தில் வளர்ந்த தலைமுறைக்குப் பாட்டு என்றால் ஒரு குரலும் ஒரு பதிவும். கிருதி என்றால் ஒருவர் எழுதி, நூறு பேர் நூறு விதமாகப் பாடிக்கொண்டிருப்பது என்ற எண்ணம் அவர்களுக்கு நாம் சொல்லித்தான் வர வேண்டும். அதற்கப்புறம் அவள் பாட்டு டீச்சரிடம் போய்ப் பாடிக் காட்டினாள். டீச்சர் கிடாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அந்த ரிஷபத்துல இன்னும் கொஞ்சம் நில்லு கண்ணு, அவசரப்படாதே” என்று மட்டும் சொன்னாராம்.

அவசரம் என்ற அந்தச் சொல்தான் இந்த ஆல்பத்தைப் பற்றிய என் பெரிய விமர்சனத்துக்கும் வாசல். எல்லோரும் கிடாரைப் பற்றிச் சண்டை போடுகிறோம். உண்மையில் சோதனை கிடாரில் இல்லை, காலப்பிரமாணத்தில் இருக்கிறது.

‘சாகர சயன விபோ’ எம்.டி. ராமநாதன் இயற்றிய பாட்டு, பாகேஸ்ரீ ராகம். ராமநாதன் (1923–1984) பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்பராவில் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் கற்று, கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தவர். ‘வரததாச’ என்று குருவின் பெயரையே முத்திரையாக வைத்துக்கொண்டவர். அவர் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: பாதாளத்திலிருந்து வரும் குரல், அதைவிட நிதானமான காலம். ஒரு சங்கதி முடிந்து அடுத்த சங்கதி வருவதற்குள் ரசிகர் எழுந்துபோய் காபி சாப்பிட்டு வந்துவிடலாம் என்று சபாக்களில் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்தவர்களே அவரிடம் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள் என்பது வேறு விஷயம். அந்த நிதானம் சோம்பல் இல்லை. ஒரு சுரத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன் என்கிற பிடிவாதம்.

இப்படிப்பட்டவரின் பாட்டை ஒரு ராக் குழு தன் இரண்டாவது ஆல்பத்துக்கு எடுத்தது பெரிய துணிச்சல். ஹரீஷும் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். எடுத்ததில் ஒரு மண் பாசமும் இருக்கலாம். தவிர, ராக் என்றாலே வேகம் என்று நாம் நினைப்பதும் தப்பு. அந்த இசையிலும் ஆமை வேகத்தில் நகர்ந்து ஆளைக் கட்டிப்போடும் பாட்டுகள் நிறைய உண்டு. ஆக ராமநாதனும் ராக்கும் சந்திக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அது மெதுவில் இருக்கிறது. குரல் தனியாக நிற்கும் இடங்களில் ‘அகம்’ அந்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போகிறது. பாகேஸ்ரீயின் அந்த இழுவைக்குக் குரல் வழிவிட்டுக் காத்திருக்கும்போது, பெரியவர்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள்.

ஆனால் காத்திருக்க முடியவில்லை! எல்லா வாத்தியமும் ஒன்றாகத் திரண்டு மேலே ஏறியே தீர வேண்டும் என்ற மேடைப் பழக்கம் வந்து தோளைத் தட்டுகிறது. பல்லாயிரம் பேர் நிற்கும் மைதானத்தில் அந்த ஏற்றம் தேவைதான். பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 2007-இல் அயர்ன் மெய்டனும் 2011-இல் மெட்டாலிகாவும் வந்து, ராக் கச்சேரி என்றால் இவ்வளவு உயரம் என்று இந்த ஊருக்கே அளவுகோல் வைத்துவிட்டுப் போனார்கள். இதே ஊரில் சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் 1939 முதல் ராமநவமிக் கச்சேரிகள் நடக்கின்றன. பந்தலுக்குள் பாதிக்கூட்டம், வெளியே தெருவில் பாதிக்கூட்டம், ஆலாபனை முடியும்வரை யாரும் கை தட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். ‘அகம்’ இந்த இரண்டு மைதானத்துக்கும் சொந்தக்காரக் குழு. கிருதியை எடுத்தது கோட்டை மைதானத்திலிருந்து. முடிப்பது எப்போதும் அரண்மனை மைதானத்தில். ஒரே ஒரு பாட்டையாவது தொடங்கிய மைதானத்திலேயே முடித்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்டுடியோவுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த மாதிரி ஆல்பங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாடிப் பதிவு செய்யப்படுவது அபூர்வம். காதில் ‘டிக் டிக்’ என்று ஒரு கணக்குச் சத்தம் ஓடும். டிரம்ஸ் ஒருநாள், கிடார் ஒருநாள், குரல் ஒருநாள் என்று அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து ஒரு மயிரிழை தளர்த்துவார், ஒரு மயிரிழை இழுப்பார். அந்த மயிரிழை கடிகாரச் சத்தத்துக்குத் தெரியாது. ராமநாதனின் சங்கீதம் முழுக்க அந்த மயிரிழையில் இருக்கிறது.

அடுத்து ‘ரங்கபுர விஹாரா’. தீட்சிதர் கிருதி, பிருந்தாவன சாரங்கா, ரூபக தாளம். எம்.எஸ். அம்மா குரலில் கேட்டுக் கேட்டு நம் வீடுகளில் சனிக்கிழமைக் காலையோடு கலந்துபோன பாட்டு. மூன்றின் நடையில் போகும் தாளம் என்பதால் டிரம்ஸ் வழக்கமான நாலு அடியில் ஒளிந்துகொள்ள முடியாது. ஒரு ஊஞ்சல் வந்துவிடுகிறது. நான் அதிகம் திரும்பக் கேட்பது இதைத்தான். இங்கேயும் ஏற்றம் உண்டு. ஆனால் ஊஞ்சல் அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது.

இந்த இரண்டு பாட்டும் அடுத்தடுத்து நினைவுக்கு வரும்போது ஒன்று தோன்றும். இரண்டும் படுத்திருக்கிற பெருமாளைப் பற்றியவை. ஒருவர் கடலில் பள்ளிகொண்டவர், ஒருவர் அரங்கத்தில். தூங்குகிறவர் பக்கத்தில் போய் இத்தனை டிரம்ஸா என்று ஒரு அன்பர் என்னிடம் வேடிக்கையாகக் கேட்டார். சரி, வேடிக்கை போகட்டும். அந்த அரங்கம் எங்கே இருக்கிறது? தீட்சிதர் பாடியது ஸ்ரீரங்கத்தை. ஆனால் பெங்களூரில் இருக்கிற நமக்கு இரண்டரை, மூன்று மணி நேரத் தூரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அதே அரங்கன் அதே காவிரித் தீவில் படுத்திருக்கிறான். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். ஒரே நதி, மூன்று படுக்கை.

இந்த ஆல்பம் வந்தது 2017. அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில், இதே நதியின் பெயரைச் சொல்லி, தமிழ்நாட்டு எண் போட்ட பஸ்கள் இந்த ஊரில் எரிந்தன. 1991 டிசம்பரை நேரில் பார்த்தவர்கள் அன்று பிள்ளைகளிடம், “வெளியே தமிழ் பேசாதே” என்று மறுபடியும் சொன்னார்கள். அடுத்த வருஷமே இந்த ஊரில் இருக்கும் ஒரு குழு, ஒரு தமிழ்ச் சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டு, காவிரியின் இரண்டு கோடியிலும் படுத்திருப்பவனைப் பற்றி, இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஒரு மொழியில் பாடுகிறது. அவர்கள் அதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கிற நமக்கு அது கேட்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன கணக்குக்கு வருகிறேன். தெலுங்கு ஒன்று, சமஸ்கிருதம் இரண்டு, தமிழ் ஒன்று. அந்தத் தமிழ் எது? ‘கூத்து ஓவர் காஃபி’. காபி குடித்துக்கொண்டே கூத்து. கேட்க உற்சாகமான பாட்டு, எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்; நம் சங்க விழாவில் போட்டால் குழந்தைகள் எழுந்து ஆடும். ஆனால் அமைப்பைப் பாருங்கள். மனத்தோடு பேச தெலுங்கு, கடவுளோடு பேச சமஸ்கிருதம், இடைவேளையில் காபி குடிக்கத் தமிழ். இது இந்தக் குழு செய்த ஏற்பாடு இல்லை. சபா மேடை ரொம்ப காலமாகச் செய்துவைத்த ஏற்பாடு. கச்சேரியின் கனமான பகுதி முடிந்து தனி ஆவர்த்தனமும் முடிந்த பிறகு, துக்கடா என்ற பெயரில் தமிழ்ப் பாட்டுகள் வரும். அதை எதிர்த்துத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் காலத்தில் தமிழிசை இயக்கம் கிளம்பியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. மேடையை மாற்றிப்போட்ட இந்தப் பிள்ளைகள், கிடாரையும் டிரம்ஸையும் துணிந்து கொண்டுவந்தவர்கள், மொழி விஷயத்தில் மட்டும் பழைய சபாவின் இருக்கை வரிசையை அப்படியே வைத்துக்கொண்டார்களே என்பதுதான் எனக்கு வியப்பு.

மொழி வெறியில் சொல்லவில்லை. மூன்று மொழிக்காரர் நடுவில் வாழ்ந்துகொண்டு அந்த வெறி நமக்குக் கட்டுப்படியாகாது. தியாகராஜரும் தீட்சிதரும் திருவாரூரில் பிறந்தவர்கள்; அவர்கள் பாட்டும் நம் மண்ணின் பாட்டுதான். என் கவலை வேறு. எங்கள் அண்ணன் மகளைப் போன்ற பிள்ளைகளுக்கு சங்கீதத்தின் வாசல் இனி சபா இல்லை. போனில் வரும் ஒரு பாட்டுதான் வாசல். 2016 கடைசியில் டேட்டா மலிவான பிறகு ஆல்பம் என்று யாரும் முழுசாக உட்கார்ந்து கேட்பதுகூட இல்லை. ஒவ்வொரு பாட்டாகத் தனித்தனியே வந்து விழுகிறது. அந்த வாசலில் தமிழ் எந்த வேஷத்தில் நிற்கிறதோ, அந்த வேஷத்தில்தான் அவர்கள் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆடத் தமிழ் உண்டு என்பதை அவர்கள் ஏற்கெனவே சினிமாவில் தெரிந்துகொண்டாயிற்று. அழுவதற்கும், தன் மனசோடு மல்லுக்கட்டுவதற்கும் தமிழில் பாட்டு உண்டு என்பதை யார் வாயால் கேட்பார்கள்?

இதற்காக இந்தக் குழு எங்கோ தேடிப் போகவும் வேண்டாம். அவர்கள் பாடும் அரங்கன் சந்நிதியிலேயே ஒரு பாட்டு காத்திருக்கிறது. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) தன் இராம நாடகத்தை அரங்கேற்ற ஸ்ரீரங்கம் போனார். அங்கே பெருமாளைப் பார்த்து, ஏன் இப்படிப் படுத்துவிட்டீர் என்று நேரே கேட்டுப் பாடினார். காட்டில் நடந்த களைப்பா, சண்டை போட்ட களைப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிற பாட்டு. அதற்குள் இராமாயணமே அடங்கியிருக்கிறது. பக்தியும் கேலியும் உரிமையும் கலந்த தமிழ். தூங்குகிறவர் பக்கத்தில் இத்தனை டிரம்ஸா என்று அந்த அன்பர் கேட்டாரே, இந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் கொஞ்சம் பலமாகவே அடிக்கலாம். எழுப்புவதற்காகவே பாடப்பட்ட பாட்டு மாதிரி இருக்கிறது. மெதுவாகத் தொடங்கி, கேள்வி ஏற ஏற வேகம் கூடினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது இதை மோகனத்தில் பாடுகிறார்கள். மோகனத்தின் ஐந்து சுரத்தில் காந்தாரம் ஒன்று தவிர மற்ற நான்குக்கும் பஞ்சமம் ராகத்துக்குள்ளேயே இருக்கிறது. நளினகாந்தியில் ரிஷபத்தில் நிற்க இடமில்லாமல் தாண்டிய கிடார், மோகனத்தின் ரிஷபத்தில் தைவதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.